விளையாட்டின் நடுவே அணையும் மடிக்கணினி: வெப்பத்தின் கணக்கு

மடிக்கணினியில் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விசிறியின் இரைச்சல் கூடி, விசைப்பலகையின் மேற்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, திரை எந்த எச்சரிக்கையும் இன்றி இருண்டுபோவது பழுது நீக்கும் கடைகளுக்கு அடிக்கடி வரும் புகார்களுள் ஒன்று. அந்நிலையில் பசையை மாற்றுவதா, குளிர்விக்கும் மேடை வாங்குவதா, மென்பொருள் முழுவதையும் மீண்டும் நிறுவுவதா என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பணத்தை இழப்பவர் பலர். வெப்பம் எங்கே பிறக்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது, அவ்வழியில் எந்த இடத்தில் தடைபடுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், செய்ய வேண்டியது எது என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

வெப்பத்தின் பிறப்பிடம்

மின்மோட்டாருக்குக் கொடுக்கப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதி இயக்கமாக மாறுகிறது. கணினியின் சில்லோ எதையும் அசைப்பதில்லை என்பதால், அது உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. கடிதம் தட்டச்சு செய்யும்போதோ செய்தி படிக்கும்போதோ மிகக் குறைவாக இருக்கும் இந்த மின்தேவை, முப்பரிமாணக் காட்சிகள் நிறைந்த விளையாட்டு தொடங்கியதும் பல மடங்காகப் பெருகுகிறது. கணக்கீடுகளைச் செய்யும் மையச் செயலியும், திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும் வரைந்து தரும் கிராபிக்ஸ் சில்லும் ஒரே நேரத்தில் கடுமையாக உழைப்பதே இதற்குக் காரணம்.

விளையாட்டு மடிக்கணினிகளில் இடம்பெறும் இன்டெல் எச் வரிசைச் செயலிகளின் அடிப்படை மின்வரம்பு பொதுவாக 45 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினி கிராபிக்ஸ் சில்லுக்கு அந்நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு 35 முதல் 115 வாட் வரை. அதற்குள் எந்த அளவை வைத்துக்கொள்வது என்பதை மடிக்கணினித் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். ஆகவே ஒரே பெயர் கொண்ட சில்லு மெல்லிய கணினியில் அடக்கமாகவும், தடித்த கணினியில் இரு மடங்குக்கும் மேலான மின்சாரத்தோடும் இயங்கக்கூடும். செயலியும் கிராபிக்ஸ் சில்லும் சேர்ந்து 150 வாட்டை எட்டும்போது, பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டு, மூன்றின் வெப்பத்தைச் சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள ஒரு பெட்டிக்குள்ளிருந்து இடைவிடாமல் வெளியேற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது.

வெளியேறும் பாதை

சில்லின் சிலிக்கன் பரப்பில் பிறக்கும் வெப்பம் முதலில் தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பம் கடத்தும் பசையின் மெல்லிய படலத்தைக் கடந்து, அதன்மேல் அழுத்திப் பொருத்தப்பட்ட செப்புத் தகட்டை அடைகிறது. அங்கிருந்து தட்டையான வெப்பக் குழாய்களின் வழியே கணினியின் ஓரத்துக்குச் சென்று, நெருக்கமாக அடுக்கப்பட்ட உலோகத் தகடுகளில் பரவுகிறது. அத்தகடுகளின் இடைவெளிகளூடே விசிறி செலுத்தும் காற்று அதை வெளியே கொண்டுபோகிறது.

இப்பாதையில் வியப்புக்குரிய உறுப்பு வெப்பக் குழாய். காற்று நீக்கி மூடப்பட்ட செப்புக் குழாய்க்குள் சிறிதளவு நீர் மட்டுமே அடைக்கப்பட்டிருப்பதால், அழுத்தம் குறைந்த அந்தச் சூழலில் நீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிறது. சூடான முனையில் எழும் ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே தன் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரில் அமைந்த நுண்துளைப் படலத்தின் வழியே தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. இத்தகைய சாதனத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கோக்லர் 1942ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரியிருந்தார் எனினும், அது பரவலான கவனம் பெற்றது அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் அதைத் தனியாக உருவாக்கிக் காட்டிய பின்னரே. எந்த அசையும் உறுப்பும் இல்லாத இக்குழாய்கள் எளிதில் பழுதாவதில்லை. ஆனால் கழற்றி மாட்டும்போது வளைந்தாலோ நசுங்கினாலோ அவற்றின் திறன் குறைந்துவிடும்.

பாதை முழுவதும் சேர்ந்து வெப்பத்துக்குக் காட்டும் எதிர்ப்பை, ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று பொறியாளர்கள் அளவிடுகிறார்கள். ஒரு மடிக்கணினியில் இந்த வெப்ப எதிர்ப்பு வாட்டுக்கு 0.6 டிகிரி என்று கொண்டால், 100 வாட் வெப்பம் பிறக்கும்போது சில்லின் வெப்பநிலை அறையின் வெப்பநிலையைவிட 60 டிகிரி உயர்ந்திருக்கும். அறை 30 டிகிரியில் இருந்தால் சில்லு 90 டிகிரியில் நிற்கும். அறை 40 டிகிரிக்கு உயர்ந்தாலும், தூசு படிந்து எதிர்ப்பு 0.7 ஆகக் கூடினாலும், சில்லு 100 டிகிரியைத் தொட்டுவிடும். அதே வேளையில் 40 டிகிரி அறையிலும் வெப்பத்தை 80 வாட்டாகக் குறைத்தால் சில்லு 88 டிகிரிக்கு இறங்கிவிடும். அறையின் வெப்பம், பாதையின் எதிர்ப்பு, பிறக்கும் வாட் ஆகிய இந்த மூன்று எண்களுக்குள் எல்லாத் தீர்வுகளும் அடங்கிவிடுகின்றன. மடிக்கணினிகள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் உச்ச அறை வெப்பநிலை 35 டிகிரி என்பதையும், சென்னையிலும் வேலூரிலும் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்காலத்தில் ஒழுங்காக ஓடிய கணினி கோடையில் தடுமாறத் தொடங்குவதன் காரணம் விளங்கும்.

இரு அடுக்குக் காவல்

இன்றைய செயலிகள் தம் வெப்பநிலையைத் தாமே இடைவிடாமல் அளந்துகொள்கின்றன. நிர்ணயித்த எல்லையை, அதாவது இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றில் 100 டிகிரியை, நெருங்கும்போது செயலி தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்கிறது. திராட்லிங் எனப்படும் இந்த வேகக் குறைப்பு முதல் காவல். விளையாட்டு திடீரெனத் தடுமாறி, சற்று நேரத்தில் மீண்டும் சீராவது இதன் அறிகுறி. வேகத்தைக் குறைத்த பின்னும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் மின்சாரத்தை உடனடியாகத் துண்டிப்பது இரண்டாம் காவல்.

இவ்விரண்டின் மதிப்பை 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இதழ் வெளியிட்ட சோதனைக் காட்சி உலகுக்கு உணர்த்தியது. இயங்கிக்கொண்டிருந்த மேசைக் கணினிகளின் செயலிகள்மேலிருந்து வெப்பம் நீக்கும் கட்டமைப்பை அகற்றியபோது, பெண்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தது. ஏஎம்டியின் அத்லான் செயலியோ புகைந்து அழிந்தது. இன்று எல்லா நிறுவனங்களின் செயலிகளிலும் இக்காவல் இடம்பெற்றிருக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பழுது பார்ப்பவருக்கு மிக முக்கியமானது. முதல் காவல் வேலை செய்யும்போது, சாதாரணத் தூசும் வெயிலும் கணினியை மந்தமாக்குமே ஒழிய எளிதில் அணைத்துவிடா. கணினி முழுவதுமாக அணைகிறது என்றால், விசிறி நின்றிருக்கலாம்; சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையிலான தொடர்பு பெரிதும் கெட்டிருக்கலாம்; சில்லுகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சுற்று அளவுமீறிச் சூடாகியிருக்கலாம்; அல்லது குற்றம் வெப்பத்தின்மீதே இல்லாமல் மின்வழங்கலில் இருக்கலாம். எனவே திருகுகளைக் கழற்றுமுன் அளவெடுப்பது அவசியமாகிறது.

அளந்து அறிதல்

எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் செயலி, கிராபிக்ஸ் சில்லு ஆகியவற்றின் வெப்பநிலையையும், அவை உட்கொள்ளும் வாட்டையும், பல கணினிகளில் விசிறியின் வேகத்தையும் நொடிதோறும் கோப்பில் பதிவு செய்துவைக்கும். கணினி அணைந்து மீண்டும் எழுந்தபின் அந்தப் பதிவின் கடைசி வரிகளைப் படித்தால் பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்.

வெப்பநிலை ஏறிய விதமே தடை எங்கே என்பதைக் காட்டுகிறது. விளையாட்டு தொடங்கிய ஓரிரு நொடிகளிலேயே 50இலிருந்து 100 டிகிரிக்குத் தாவினால், வெப்பம் சில்லைவிட்டே வெளியேறவில்லை என்று பொருள்; குறை பசையிலோ தகட்டின் அழுத்தத்திலோ இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் படிப்படியாக ஏறினால், வெப்பம் தகடுகள் வரை வந்து அங்கே தேங்குகிறது. குறை தூசிலோ விசிறியிலோ காற்று வழியிலோ இருக்கிறது. அணைந்த நொடியில் இரு சில்லுகளும் 70, 75 டிகிரியிலேயே இருந்திருந்தால், அடுத்து ஆராய வேண்டியவை அடாப்டரும் பேட்டரியும்.

விளையாட்டு மடிக்கணினிகள் பலவற்றில் தேவை உச்சத்தை எட்டும் நேரங்களில் பேட்டரியும் அடாப்டருக்குத் துணையாக மின்சாரம் தருகிறது. பேட்டரி தேய்ந்துபோன நிலையிலோ, கணினியோடு வந்த 180 வாட் அடாப்டருக்குப் பதிலாக அதே முனை கொண்ட குறைந்த வாட் அடாப்டரை மாட்டிய நிலையிலோ, மின்தேவை திடீரென உயரும்போது கணினி அணைந்துவிடும். அறிகுறி வெப்பக் கோளாறைப் போன்றே தோன்றினாலும் பசையும் விசிறியும் அதைத் தீர்க்கா. விண்டோஸின் ஈவன்ட் வியூவர் எனப்படும் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல் பவர் என்னும் தலைப்பில் 86 என்ற எண் காணப்பட்டால், வெப்ப எல்லை மீறியதால் அணைக்கப்பட்டது என்பது உறுதி. 41 என்ற எண், கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

காற்று வழியைத் திறத்தல்

பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத்துத் துளைகளின் வழியே காற்றை உள்ளிழுத்து, பின்புறமோ பக்கவாட்டிலோ வெளியேற்றுகின்றன. மெத்தையிலோ மடியிலோ வைத்து விளையாடும்போது உள்ளிழுக்கும் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. கடினமான மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்துவது செலவில்லாத முதல் தீர்வு. விலைக்கு வாங்கும் குளிர்விக்கும் மேடைகள் பலவற்றின் பயனில் பெரும்பங்கு இந்த உயர்த்தலால் கிடைப்பதே.

அடுத்தது தூசு. விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையில் தலைமுடியும் துணி இழைகளும் தூசும் சேர்ந்து தடித்த படலமாக ஒட்டிக்கொள்வதால், விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் காற்று வெளியே வருவதில்லை. வெளித் துளை வழியாக ஊதும்போது இப்படலம் சற்றே நகர்ந்து வேறிடத்தில் அடைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், உறுதியான பலன் அடிமூடியைத் திறந்து நீக்குவதில்தான் கிடைக்கும். கணினியை அணைத்து, அடாப்டரை நீக்கி, மூடியைத் திறந்ததும் பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். காற்றை ஊதும்போது விசிறியின் இதழ்களை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்வது அவசியம். அளவுமீறிய வேகத்தில் சுழல விட்டால் அதன் தாங்கி கெடுவதோடு, சுழலும் மோட்டாரே மின்சாரத்தை உண்டாக்கிச் சுற்றைப் பாதிக்கவும் கூடும். திறந்திருக்கும்போதே விசிறி தங்குதடையின்றிச் சுழல்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்து, தேய்ந்திருந்தால் அதே மாடலுக்குரிய விசிறியை மாற்றிவிடுவது நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத கணினியை, அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் திறப்பது தகாது.

வெப்பத்தையே குறைத்தல்

பாதையைச் சீராக்கிய பின்னும் வெப்பம் மிகுந்தால், பிறக்கும் வாட்டைக் குறைப்பதே வழி. இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, ஒரு நொடிக்கு எத்தனை படங்களை கிராபிக்ஸ் சில்லு வரைகிறது என்பது. நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டக்கூடிய திரைக்கு 140 படங்களை வரைந்து தரும் சில்லு, கண்ணுக்கு எட்டாத உழைப்புக்காகச் சூடாகிறது. 2010இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டின் மெனு திரைகளில், எளிய காட்சியாக இருந்தும் வரம்பில்லாமல் படங்கள் வரையப்பட்டதால், குளிர்விப்புக் குறைந்த கணினிகள் அளவுமீறிச் சூடாகின. வரம்பு விதிக்கும் வழியைத் தயாரிப்பாளரான பிளிஸார்டே அறிவிக்க நேர்ந்தது. 2021இல் அமேசானின் நியூ வேர்ல்டு விளையாட்டு சோதனைநிலையில் இருந்தபோது ஈவிஜிஏ நிறுவனத்தின் விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டைகள் சில பழுதாயின. தன் அட்டைகளின் பற்றவைப்பில் இருந்த குறையே மூலகாரணம் என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது எனினும், அமேசானும் மெனு திரைகளுக்குப் பட வரம்பை விதித்தது. விளையாட்டின் அமைப்புகளிலோ கிராபிக்ஸ் சில்லின் கட்டுப்பாட்டு மென்பொருளிலோ உள்ள இந்த வரம்பைத் திரையின் திறனுக்கு ஏற்ப வைப்பது காசு செலவில்லாமல் வாட்டைக் குறைக்கும்.

மையச் செயலியில் இதற்கு ஒத்தது டர்போ எனப்படும் மிகைவேகம். குறுகிய நேரத் தேவைக்காக அடிப்படை வேகத்தைத் தாண்டிச் செயலி ஓடும் இவ்வசதி, மணிக்கணக்கில் நீளும் விளையாட்டில் வெப்பத்தைக் கூட்டும் அளவுக்குப் பயனைக் கூட்டுவதில்லை. விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99ஆக மாற்றினால் பொதுவாக டர்போ நின்றுவிடும். கிராபிக்ஸ் சில்லையே நம்பியிருக்கும் விளையாட்டுகளில் இதனால் தெரியும் வேறுபாடு சிறிதே.

அண்டர்வோல்ட்டிங் எனப்படும் மின்னழுத்தக் குறைப்பு இதைவிட நுட்பமானது. சில்லு உட்கொள்ளும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே வேகத்தில் மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் இயக்க மின்திறன் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைகிறது. அளவுக்கு மேல் குறைத்தால் கணினி உறைந்துவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் குறைத்துச் சோதிக்க வேண்டும். இந்த வசதியைப் பயன்படுத்தியே செயலியின் பாதுகாப்புப் பகுதியைக் குழப்பலாம் என்பதை பிளண்டர்வோல்ட் என்னும் ஆய்வு 2019 டிசம்பரில் காட்டியதைத் தொடர்ந்து, இன்டெல் செயலி கொண்ட பல மாடல்களில் இது பூட்டப்பட்டுவிட்டது. அத்தகைய கணினிகளில், தயாரிப்பாளரின் மென்பொருள் இடம் தந்தால், மின்வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

பசையும் பட்டையும்

இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அவற்றிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. வெப்பம் கடத்தும் திறன் செம்புக்கு ஏறத்தாழ 400 அலகு என்றால் காற்றுக்கு 0.026 மட்டுமே, நல்ல பசைகளுக்குப் பத்து அலகை ஒட்டி அமைகிறது. ஆகவே பசையின் வேலை காற்று இருக்கும் பள்ளங்களை நிரப்புவது மட்டுமே. தடிமனாகப் பூசினால் பசையே தடையாகிவிடும். சில்லு ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் விரிந்து சுருங்குவதால் பசை விளிம்புகளை நோக்கித் தள்ளப்பட்டும், நாளடைவில் உலர்ந்தும் போகிறது. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, புதியதைப் பூசி, தகட்டின் திருகுகளை அவற்றருகே அச்சிட்ட எண்களின் வரிசைப்படி சிறிது சிறிதாக முறுக்குவதே முறை.

பிடிஎம் 7950 எனப்படும், ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிப் பரவும் ஹனிவெல் தாள் இப்படித் தள்ளப்படுவதை வெகுவாகத் தாங்குவதால் மடிக்கணினிகளுக்கு ஏற்றது. காலியம் கலந்த திரவ உலோகம் பசையைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்துவதால் சிந்தினால் கணினியே பாழாகும், அலுமினியத்தையும் அரித்துவிடும். பயிற்சியில்லாதவர் அதைத் தொடாமலிருப்பதே நலம். நினைவகச் சில்லுகளின்மேல் ஒட்டப்பட்ட மெத்தென்ற வெப்பப் பட்டைகளை மாற்ற நேர்ந்தால், அதே தடிமன் கொண்டவற்றையே இட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் செப்புத் தகடு தூக்கிக்கொண்டு மையச் சில்லைச் சரியாகத் தொடாமல் போகும்.

தள்ளிப்போடுவதன் விலை

அணைந்தால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. சில்லுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய பற்றவைப்பு முத்துக்கள் சூடாவதும் குளிர்வதும் மாறி மாறி நிகழும்போது களைத்து விரிசலுறுகின்றன. குறைபாடுள்ள பொதிபொருள்களால் மடிக்கணினிச் சில்லுகள் பழுதானதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா 2008 ஜூலையில் அறிவித்தது. இவ்வாறு பழுதான சில்லைச் சூட்டுக் காற்றால் வாட்டி உயிர்ப்பிக்கும் வேலை பெரும்பாலும் சில வாரங்களுக்கே நிற்கும். அதற்குப் பணம் கொடுப்பதைவிடத் தாய்ப்பலகையை மாற்றுவதோ வேறு கணினி வாங்குவதோ சிக்கனமானது.

பழுது நீக்குவதில் பின்பற்ற வேண்டிய விதி எளியது: ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, அதே விளையாட்டை அதே அறையில் அதே நேர அளவுக்கு ஓட்டி, முன்னும் பின்னும் எடுத்த வெப்பநிலைகளை ஒப்பிட வேண்டும். கடையில் கொடுத்துச் சரிசெய்பவரும் இவ்விரு அளவுகளைக் கேட்டுப் பெற உரிமை உடையவர். அளவு காட்டாமல் பசை மாற்றியதாகச் சொல்லும் கடைக்குக் கட்டணம் கொடுக்கத் தயங்கலாம். ஆண்டுக்கொரு முறை, கத்திரி வெயில் தொடங்குமுன் மூடியைத் திறந்து தூசு நீக்கி, பட வரம்பை வைத்துக்கொண்டால், வெப்பத்தால் அணையும் மடிக்கணினிகளுள் பல புதிய உறுப்பு எதுவும் இன்றியே சீராகிவிடும்.